ஆன்மாவுக்கு இரண்டு சுழி

ஜூன் 3, திங்கள்

நாட்குறிப்பு எழுதும் வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. ஆனால் பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்தில் நடந்த மூன்று நாள் பயிற்சியில், மாணவர் நலப் பொறுப்பாளர்கள் எல்லோரும் கட்டாயம் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "பிள்ளைங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு உங்க மனசுலயும் பாரம் சேரும் டீச்சர், அதை எங்கயாவது இறக்கி வைக்கணும்" என்றாள் பயிற்சி கொடுத்த பெண். அவளுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். எனக்கு ஐம்பத்து நான்கு. முழங்கால் வலியைத் தவிர வேறு பாரம் எனக்குக் கிடையாது.

இந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. தலைமையாசிரியை சிஸ்டர் கொர்னேலியா கூப்பிட்டு, "இசபெல் டீச்சர், படிவம் எல்லாம் மறைமாவட்டத்துக்குப் போகணும். உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு" என்றார். இருபத்தொன்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்ததற்குக் கிடைத்த மரியாதை இது. இருந்தாலும் உண்மையைச் சொல்லாமல் என்ன, என் எழுத்து அழகுதான்.

இன்று பள்ளி திறந்தது. தாழ்வாரத்தில் புதுப்பெட்டி ஒன்றை மாட்டினோம். 'மனம் திறப்போம்' என்று நான்தான் எழுதினேன். வீட்டுக்கு வந்தால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஜூன் 7, தலைவெள்ளி

மாதத்தின் முதல் வெள்ளி என்பதால் காலையில் சிற்றாலயத்தில் பூசை. சிற்றாலய வாசலில் இருக்கும் மரப்பெட்டி பதினொரு வருடமாக என் பொறுப்பு. யாருக்காகப் பூசையில் வேண்ட வேண்டுமோ அவர்கள் பேரைச் சீட்டில் எழுதிப் பிள்ளைகள் அதில் போடுவார்கள். வியாழக்கிழமை நான் திறந்து, நன்றிக்காக, சுகத்துக்காக, ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று பிரித்து, இரண்டு தாளில் அழகாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒன்று ஒட்டி, பூசை வைக்கும் சாமியாரிடம் ஒன்று கொடுப்பேன். கடைசி வகை செத்தவர்களுக்கு. அதில்தான் எப்போதும் கூட்டம்.

எங்கள் பக்கத்தில் செத்தவர் பேரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். என் அத்தை இசபெல் நான் பிறப்பதற்கு முன்பே காமாலையில் போய்ச் சேர்ந்தாள். ஒவ்வொரு ஜனவரியிலும் பீடத்திலிருந்து "இசபெல் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசிப்பார்கள். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சின்ன வயதில் பக்கத்தில் இருப்பவள் தொடையில் கிள்ளி, "ஏட்டி, நீ செத்துப் போயிட்ட" என்பாள். இன்றுவரை ஜனவரி வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஜூன் 11, செவ்வாய்

புதிதாகச் சேர்ந்த நாற்பத்தாறு பேருக்கும் ஆளுக்கொரு படிவம். கீழே மூன்று கட்டங்கள்: பழகிவிட்டார், பழகிவருகிறார், கவனம் தேவை. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். இன்று பதினான்கு பேரை முடித்தேன். பாதிப்பேர் அழுதார்கள், பாதிப்பேர் சாம்பாரைக் குறை சொன்னார்கள்.

ஒன்பதாம் வகுப்பு விடுதிப் பிள்ளை ஒருத்தி, பேர் அமலோற்பவம். இந்தக் காலத்தில் யார் இப்படிப் பேர் வைக்கிறார்கள்? செத்துப்போன யாரோ பெரியவள் பேராக இருக்கும். வகுப்பில் அதற்குள் 'பாட்டி' ஆக்கிவிட்டார்கள். பிறந்த தேதி எட்டு, பன்னிரண்டு என்று சொன்னாள், எழுதிக்கொண்டேன். ஒல்லிக் குச்சி. காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.

"விடுதி பிடிச்சிருக்கா?"

"ம்."

"சாப்பாடு?"

"ம்."

"வீட்டு நெனப்பு வருதா?"

"வீடு பூட்டிக் கெடக்கு டீச்சர்."

அப்பா மங்களூரில் விசைப்படகுக்குப் போய்விட்டாராம். அம்மா குஜராத்தில் ஏதோ இறால் கம்பெனியில் தோலுரிக்கும் வேலைக்கு மே மாதம்தான் போயிருக்கிறாள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறதாம். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மணி அடித்துவிட்டது. பழகிவருகிறார்.

ஜூன் 14, வெள்ளி

புதுப்பெட்டியைத் திறந்தேன். மிட்டாய்த் தாள் இரண்டு, 'கணக்கு டீச்சரை மாற்றவும்' என்று ஒரு சீட்டு.

ஜூன் 18, செவ்வாய்

தண்ணீர் லாரி வரும் என்று காலை ஐந்தரைக்கே குடத்தோடு நின்று, வராமல், வெறுங்குடத்தோடு திரும்பினேன். பள்ளியிலும் அதே கதைதான். விடுதிப் பிள்ளைகள் சனிக்கிழமை மட்டும்தான் துணி துவைக்கலாம் என்று உத்தரவு. ஆனால் விடுதிச் சுவரில் தினமும் ஒரே ஒரு நீலப் போர்வை காய்கிறது. ஒரு வாரமாகப் பார்க்கிறேன். சுத்தம் பார்க்கிற பிள்ளை யாரோ போலிருக்கிறது. தண்ணீருக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருக்கும்போது இதெல்லாம் கொஞ்சம் அதிகம்தான்.

ஜூன் 20, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலக அறைக்கு அமலோற்பவம் வந்தாள். வந்து புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்ன என்று இரண்டு தடவை கேட்ட பிறகு வாயைத் திறந்தாள்.

"இங்க வந்ததுலேருந்து டீச்சர். காலையில எந்திரிச்சா நனைஞ்சிருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு நீலப் போர்வை ஞாபகம் வந்தது. பதிமூன்று வயதுப் பிள்ளை. எழுப்புமணி அடிப்பதற்கு முன்பே எழுந்து, குடிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து வைத்துத் துவைக்கிறாளாம். வீட்டில் ஒருநாளும் இப்படி ஆனதில்லையாம். எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. தலையைத் தடவிக்கொடுத்தேன். எண்ணெய் வைத்துப் பல நாளான தலை.

"யார்ட்டயும் சொல்லிராதீங்க டீச்சர். சிஸ்டருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

"சொல்ல மாட்டேன் ட்டி. நீ பயப்படாத."

அவள் போனதும் படிவத்தோடு இணைக்கும் குறிப்புத் தாளை எடுத்து எழுதினேன்: 'உறக்கத்தில் படுக்கையை நனைக்கிறார். தாயின் பிரிவு காரணமாக இருக்கலாம். மருத்துவ ஆலோசனை தேவை.' பயிற்சியில் சொன்ன மாதிரியே சுருக்கமாக, தெளிவாக வந்திருக்கிறது. படிவக் கோப்பை சிஸ்டர் கொர்னேலியா அறையில் வைத்துவிட்டு வந்தேன். சொல்ல மாட்டேன் என்றேன், யாரிடமும் சொல்லவில்லை. படிவத்தில் எழுதுவது சொல்வதாகாது. அது கடமை.

ஜூன் 24, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. அடுப்புக்குப் புது டியூப் மாற்ற வேண்டும்.

விடுதியில் சமைக்கும் ரோசாலி இடைவேளையில் டீ கொண்டுவந்தபோது சொன்னாள். "பாவம் டீச்சர் அந்த அமலோற்பவம். நேத்து படிப்பு நேரத்துல பிலோமின் சிஸ்டர் கையில ஒரு பேப்பர வச்சிக்கிட்டு அறுவது பிள்ளைய முன்னாலயும் வாசிச்சாவ. படுக்கையை நனைக்கிறார்னு. ஒரே சிரிப்பு. இனிமே தெனமும் போர்வையத் தலையில வச்சிக்கிட்டு மைதானத்தச் சுத்தி வரணுமாம். வெக்கம் வந்தா தானா நின்னுருமாம்."

விடுதியைப் பார்ப்பது சிஸ்டர் பிலோமின். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. கோப்பைச் சம்பந்தப்பட்டவர்கள் பார்க்க வேண்டும் என்பது விதி, சிஸ்டர் கொர்னேலியா விதிப்படிதான் கொடுத்திருப்பார்.

என்ன பேப்பர் என்று நான் ரோசாலியிடம் கேட்கவில்லை. டீயில் சர்க்கரை அதிகம்.

ஜூன் 25, செவ்வாய்

மாடிப்படியில் அமலோற்பவம் எதிரே வந்தாள். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், வழியில் நின்றாள்.

"யாரு டீச்சர் சொன்னது?"

"தெரியலம்மா" என்றேன். எட்டாம் வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 28, வெள்ளி

திரு இருதயத் திருநாள். கொடி, பூசை, மதியம் பாயசம். ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் ஊற்றினேன். அமலோற்பவம் சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. இப்போது அவளைப் பாட்டி என்று யாரும் கூப்பிடுவதில்லை. வேறு பேர் வைத்திருக்கிறார்கள், அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆனால் ஒரு நல்ல செய்தி. நான்கு நாளாகச் சுவரில் போர்வை இல்லை. சிஸ்டர் பிலோமினே வந்து, "பாத்தீங்களா டீச்சர், ஒரே நாள்ல நின்னுட்டு. மருந்தும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம்" என்றார். முறை எனக்குப் பிடிக்கவில்லைதான். பலன் இருக்கிறதே, என்ன சொல்ல? பிள்ளை வகுப்பில் மட்டும் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாள். கண் இரண்டும் மிளகாய் போட்ட மாதிரி சிவந்திருக்கிறது. வெயில் காலம்.

மாதக் கடைசி, படிவங்களை மறைமாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். பழகிவிட்டார் என்று டிக் போட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

லாரி வந்தது. எட்டுக் குடம்.

ஜூலை 4, வியாழன்

நாளை தலைவெள்ளி. மரப்பெட்டியைத் திறந்தேன், பத்தொன்பது சீட்டு. ஒரு சீட்டில் 'அமலோற்பவம், ஆண்ம இளைப்பாற்றிக்காக' என்று மட்டும் இருந்தது. வேண்டுகிறவர் பேர் இல்லை. பேர் எதற்கு, கட்டுரை நோட்டில் நான் திருத்தும் அந்தப் பிள்ளையின் நெருக்கி நெருக்கி எழுதும் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறதே. நான் நினைத்தது சரிதான். அத்தையோ யாரோ செத்துப்போய், அவள் பேரை இவளுக்கு வைத்திருக்கிறார்கள், என் கதையேதான். தனக்கே ஆயிரம் கஷ்டம், அதிலும் செத்தவளை நினைக்கிறாள். நல்ல மனசு.

ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் ஆன்மாவுக்கு எந்த ன என்று தெரியவில்லை. மூன்று சுழி போட்டிருக்கிறாள். இருபத்தொன்பது வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? சிவப்பு மையில் அடித்துத் திருத்திவிட்டு, தாளில் பத்தொன்பது பேரையும் எழுதி ஒட்டினேன். எழுத்து இன்று நன்றாக வந்தது.

ஜூலை 5, தலைவெள்ளி

இன்று எழுத முடியாது.

ஜூலை 6, சனி

எழுதித்தான் ஆக வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலை எட்டு மணிக்குப் பூசை. சாமியார் என் தாளைப் பார்த்து வாசித்தார். "அமலோற்பவம் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்றபோது நான் திரும்பிப் பார்த்தேன். தூணோரம் முழங்காலில் இருந்தாள். அழவில்லை. தன் பேரை மாணவர் பட்டியலில் கூப்பிட்டதுபோல நிமிர்ந்து பார்த்தாள். வாய் ஏதோ அசைந்தது. 'உள்ளேன் ஐயா' மாதிரி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

பூசை முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்து கோப்பைத் திறந்தேன். ஜூலை மாதப் படிவத்தில் ஒரு கேள்வி: கடந்த ஓராண்டில் குடும்பத்தில் இறப்பு உண்டா? அமலோற்பவத்தின் தாளில் அதை நிரப்ப நினைத்தேன். எதையும் காலியாக விட்டால் எனக்குப் பிடிக்காது. முதல் இடைவேளையில் அவள் அம்மாவின் எண்ணுக்குப் போன் போட்டேன். இறால் கம்பெனியின் இரைச்சலுக்கு நடுவே அவள் கத்திப் பேசினாள்.

"யாரு செத்தா டீச்சர்? எங்க வீட்ல யாரும் சாகலயே."

"அந்தப் பேர்ல ஒரு பெரியவங்க... உங்க நாத்தனாரோ யாரோ?"

"அப்படி யாரும் கெடையாது டீச்சர். டிசம்பர் எட்டு, அமலோற்பவ மாதா திருநாள்ல பொறந்தா. அன்னைக்கு உள்ள பேரு, வச்சோம். ஏன் டீச்சர் கேக்கீங்க? ஏன் டீச்சர்?"

எட்டு, பன்னிரண்டு. என் கையால் எழுதிய தேதி. பிறந்ததிலிருந்து கோவிலுக்குப் போகிறேன், டிசம்பர் எட்டு என்ன நாள் என்று எனக்குத் தெரியாதா?

போனை வைத்தேனா, வைக்கவில்லையா, ஞாபகம் இல்லை. வகுப்பில் அமலோற்பவம் இல்லை. நோயறையில் இல்லை. சிற்றாலயத்தில் இல்லை. ரோசாலிதான் மொட்டை மாடிக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். முழங்காலோடு மூன்று மாடி எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில், நீலப் போர்வையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். என்ன விழுங்கியிருந்தாள் என்று இதில் எழுத மாட்டேன். ரோசாலி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். நான் பின்னால் செருப்பில்லாமல் ஓடினேன்.

பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சாயங்காலம் சொன்னார். இன்னும் அரை மணி போயிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜூலை 8, திங்கள்

சிஸ்டர் கொர்னேலியா கூப்பிட்டார். சிஸ்டர் பிலோமினும் இருந்தார், கண் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறார்.

"நல்ல வேளை டீச்சர், ஜூன் படிவத்துல பழகிவிட்டார்னு டிக் போட்டிருக்கீங்க. நம்ம பக்கம் பிழை இல்லன்னு அது காட்டும். குடும்பச் சூழல்தான் காரணம்னு ஜூலை படிவத்துல எழுதிருங்க. அந்த இருபதாம் தேதித் தாள் கோப்புல காணோமே, உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமா சிஸ்டர்." சனிக்கிழமையே அதைக் கோப்பிலிருந்து உருவி என் பையில் வைத்திருந்தேன்.

"அதைக் கொண்டாங்க. பிள்ளையோட நலனுக்காகத்தான் சொல்றேன். டி.சி. எழுதச் சொல்லிட்டேன், அவ ஊர்லயே படிக்கட்டும்."

பிள்ளையின் நலன். இந்தச் சொல்லை ஐந்து வாரமாக என் அழகான எழுத்தில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தொன்பது வருடத்தில் இந்த அறையில் குரலை உயர்த்தியதில்லை.

"தர மாட்டேன் சிஸ்டர். அதை நானே ஆயர் இல்லத்துக்குக் கொண்டு போறேன். எழுதுனது நான், அனுப்புனது நீங்க, வாசிச்சது அவங்க. அப்படியே சொல்லப் போறேன்."

சிஸ்டர் பிலோமின் முகத்தைப் பொத்திக்கொண்டார். நல்ல பேச்சுப் பேசிவிட்டோம் என்று படியிறங்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: சொல்ல வேண்டிய ஆளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

ஆயர் இல்லத்தில் தாளைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். பார்க்கிறோம் என்றார்கள்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அமலோற்பவத்தின் அம்மா ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டாளாம், இரண்டு நாள் ரயிலில் நின்றுகொண்டே. விரல்கள் இறால் உரித்து வெந்து வெளுத்திருந்தன. "வீட்டத் தொறந்து கூட்டிப் போட்டுட்டு வந்தேன் டீச்சர். இனிமே எங்கயும் போகல" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குக் காப்பி வாங்கப் போனாள்.

அமலோற்பவம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள். தொண்டை புண்ணாகி இருந்ததால் குரல் காற்றாக வந்தது.

"டீச்சர், எனக்குப் பூசை வச்சாச்சில்ல? பீடத்துல பேரு வாசிச்சாச்சில்ல? அப்ப நான் என்ன கணக்கு?"

என் அத்தையைப் பற்றிச் சொன்னேன். ஐம்பத்து நான்கு ஜனவரி எனக்கும் வாசித்திருக்கிறார்கள், குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் பார் என்றேன். தொடையில் கிள்ளுகிறவளைப் பற்றியும் சொன்னேன். திரும்பிப் படுத்தாள். உதட்டோரம் லேசாக அசைந்தது. அந்த அசைவுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

"அந்தப் பேப்பர எழுதுனது நாந்தான் ட்டி. சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு நாந்தான் எழுதுனேன்."

"தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"சிஸ்டர் பேப்பர எம் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாவ. உங்க எழுத்து எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் எங்கிட்ட வந்து யாரு சொன்னதுன்னு கேட்ட?"

"நீங்க சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

காப்பியோடு அவள் அம்மா வரும் சத்தம் கேட்டது. கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது, கேட்டுவிட்டேன்.

"எல்லாம் தெரிஞ்சிருந்தும் ஏன் ட்டி அந்தச் சீட்ட எம் பெட்டியில போட்ட?"

என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேற யாருட்ட டீச்சர் சொல்லுவேன்? பெட்டியில போட்டா நீங்க படிப்பீங்கன்னு நெனச்சேன்."

படித்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். மூன்று சுழி ண்-ஐ அடித்துவிட்டு, மேலே இரண்டு சுழி ன் போட்டேன்.